‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லப்பட்ட பிறகு கவுன்சிலிங்குக்குப் போகலாமா?

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 36 வயது. கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் புரியும், கோர்வையாகப் பேச வராது. எனக்கு இங்கிலீஷ் கடை கண்ணிக்குப் போய்வரும் அளவுக்குத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடு முதுகில் வலி ஆரம்பித்தது. ராத்திரியில் அதிகம். முதலில் பார்த்த டாக்டர், பிள்ளையைத் தூக்கியதால் தசைப்பிடிப்பு என்றார். பிசியோதெரபி, தைலம், பனாடோ என்ற வலி மாத்திரை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொரு டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்காரரிடம், ஊரை விட்டு வந்த ஏக்கம், டிப்ரெஷன் என்று சொல்லி மாத்திரை எழுதினார். ராத்திரி வியர்த்து நைட்டி நனைகிறது, எடை குறைகிறது என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் அதில் எவ்வளவு இங்கிலீஷில் சொன்னார் என்று தெரியாது. அதன் பிறகு யாரிடம் போனாலும் பைலைத் திறந்து அந்த டிப்ரெஷன் என்ற வார்த்தையைப் படித்ததும் பேச்சு மாறிவிடும். மாமியார், “ஒரு பனாடோ போட்டுப் படும்மா, மனசைத் திடமா வச்சுக்கோ” என்பார்.

ஒருநாள் விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கினேன். இரண்டு காலும் நிற்கவில்லை. அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகெலும்பில் டிபி. ஆபரேஷன் ஆனது. மாத்திரை ஏழாவது மாதம் ஓடுகிறது. நடக்கிறேன். ஆனால் கிளினிக் வாசலைப் பார்த்தாலே கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. போன மாதம் மாத்திரை வாங்கப் போய் வாசலோடு திரும்பிவிட்டேன். நான்கு நாள் மாத்திரை இல்லை. வீட்டில் சொல்லவில்லை.

ஒரு கவுன்சிலரிடம் போனேன். டாக்டர்களும் மனிதர்கள்தானே, மன்னித்துவிட்டால் மனசு லேசாகும் என்றார். அதோடு விட்டுவிட்டேன். இப்போது மறுபடி கவுன்சிலிங்குக்குப் போகச் சொல்கிறார்கள். போனால், எல்லாம் மனசுதான் என்று சொன்னவர்கள் சொன்னது சரி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? இனி எந்த டாக்டரைத்தான் நம்புவது?

— பெயர் வேண்டாம், டர்பன்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நான்கு நாள் விஷயம். அதை முதலில் முடித்துவிடுவோம். டிபி மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடக்கூடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. மருந்துக்கு அடங்காத டிபி நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எத்தனை குடும்பங்களைக் கலைத்தது என்பது 2006-ல் துகேலா ஃபெரி என்ற ஊரில் அது பரவிய செய்தியைப் படித்த எல்லோருக்கும் தெரியும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நான்கு நாளில் எல்லாம் கெட்டுப்போய்விடாது. ஆனால் கிளினிக் சிஸ்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். நீங்கள் நேரில் போக வேண்டாம், வீட்டுக்காரரைப் போன் செய்யச் சொல்லுங்கள். விட்ட மாத்திரையைச் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளாதீர்கள், என்ன செய்வதென்று அவர்கள் சொல்வார்கள். கிளினிக்குக்குள் போகும் தைரியம் வரும்வரை வேறொருவர் வந்து மாத்திரையை வாங்கிப் போகலாமா என்றும் அப்போதே கேட்கச் சொல்லுங்கள்.

அந்த நான்கு நாளை இன்று ராத்திரியே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாசல் வரை போய்த் திரும்பியது சோம்பலால் இல்லை என்பது கடிதத்தைப் படித்த எனக்கே புரிகிறது. அவருக்கும் புரியும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. கவுன்சிலிங்குக்குப் போனால் அவர்கள் சொன்னது சரியென்று ஆகிவிடாதா? நோய் கவனிக்கப்படாமல் போய் என்னிடம் வருகிறவர்களில் பலருடைய தொண்டையில் சிக்கியிருப்பது இந்தக் கேள்விதான். முக்கால்வாசிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

உங்கள் முதுகெலும்பில் இருந்தது கிருமி. எம்.ஆர்.ஐ.யும் ஆபரேஷனும் அதைச் சொல்லிவிட்டன. நீங்கள் பத்து கவுன்சிலரிடம் போனாலும் அந்த உண்மை அசையாது. கவுன்சிலிங்குக்குக் கொண்டுபோக வேண்டியது அந்த முதுகுவலியை அல்ல. ஒன்றரை வருஷம் “வலிக்கிறது” என்று சொல்லச் சொல்ல யாரும் நம்பாமல் இருந்தார்களே, அது ஏற்படுத்திய காயம் தனி. டிபி மாத்திரை அதைத் தொடாது. அந்தக் காயத்தை உண்டாக்கியது உங்கள் மனசும் அல்ல. மற்றவர்கள் நடந்துகொண்ட விதம். கால் உடைந்தவர் எலும்பு டாக்டரிடம் போனால், உடைத்தவன் செய்தது சரி என்று யாராவது அர்த்தம் எடுத்துக்கொள்வார்களா?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. உங்களுக்கு எம்.ஆர்.ஐ.யில் ஏதோ ஒன்று கிடைத்தது. சிலருக்கு எத்தனை பரிசோதனை செய்தாலும் எதுவும் கிடைப்பதில்லை. அவர்களுடைய வலியும் வலிதான். வலியை ஆராயும் உலகளாவிய சங்கம் 2020-ல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே எழுதிச் சேர்த்தது. ஸ்கேனில் தெரிந்ததால்தான் உங்கள் வலி உண்மையானது என்று நீங்களே உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். கால் நிற்காமல் போவதற்கு முந்தின நாளும் உங்கள் வலி உண்மையாகத்தான் இருந்தது.

உங்களுக்கு நடந்ததில் இரண்டு தனித்தனி விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் கோபத்துக்கு ஒரு முகம் கிடைக்கும்.

முதலாவது, நோயைக் கண்டுபிடிக்கத் தவறியது. முதுகெலும்பு டிபி எளிதில் பிடிபடாத நோய். 1779-லேயே லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் விவரித்து எழுதிய நோய்தான், ஆனாலும் ஆரம்பத்தில் வெறும் முதுகுவலியாகவே இருக்கும். இருமல் இருக்க வேண்டியதில்லை. நுரையீரல் சுத்தமாக இருந்தால் சளிப் பரிசோதனையிலும் ஒன்றும் வராது. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது, சில சமயம் பாதியே, கரைந்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ.தான் சீக்கிரம் காட்டும், அது எல்லா ஊரிலும் நினைத்தவுடன் கிடைப்பதில்லை. ஆகவே முதல் டாக்டர் தசைப்பிடிப்பு என்று நினைத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. முதுகுவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் இருக்கும்.

இரண்டாவது, நீங்கள் சொன்னதைத் தள்ளிவிட்டது. இதை என்னால் அப்படிப் புரிந்துகொள்ள முடியவில்லை. ராத்திரியில் கூடும் முதுகுவலி, துணி நனைகிற வியர்வை, எடைக் குறைவு. டிபி இவ்வளவு பரவியிருக்கும் ஒரு நாட்டில் இந்த மூன்றையும் ஒரே ஆள் சொல்லும்போது யோசித்திருக்க வேண்டும். “என்னவென்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் பார்ப்போம்” என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தால், நோய் கண்டுபிடிக்கத் தாமதமானாலும் நீங்கள் இன்று இப்படி நடுங்கியிருக்க மாட்டீர்கள். “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “உனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னார்கள். உங்களைக் காயப்படுத்தியது அதுதான்.

மருத்துவத்தில் இது புதிதும் இல்லை. வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் டென்ஷனும்தான் காரணம் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1980-களில் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் பெரும்பாலான வயிற்றுப்புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று காட்டினார்கள். அவர்களையே முதலில் யாரும் நம்பவில்லை. 2005-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு முன், கவலைப்படாதே என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட வயிற்றுவலிக்காரர்கள் எத்தனை பேரோ!

இப்போது அந்த வாசல் நடுக்கம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். உங்கள் உடம்பு செய்வதும் அதுதான். ஸ்பிரிட் வாசனை, வரிசை நாற்காலி, பைல் புரளும் சத்தம் எல்லாமே ஆபத்து என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. புத்தி அங்கே இப்போது நல்ல சிஸ்டர் இருக்கிறார் என்று சொல்லும், உடம்பு கேட்காது. திடீரென்று கால் போன அந்த விடியற்காலை தனியாகவே ஒரு அதிர்ச்சி. அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் உங்கள் சொல் செல்லவில்லை என்பது அதன் அடியில் கிடக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த நடுக்கம். அந்த இடத்தைத் தவிர்ப்பது, கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, யாரையும் நம்ப முடியாமல் போவது, இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் உளவியலில் அதற்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்று ஒரு பெயர் உண்டு. உங்களுக்கு அது முழுமையாக இருக்கிறதா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். நேரில் பார்க்கிறவர் சொல்லட்டும். பெயர் எதுவானாலும் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருக்கிறது.

இந்த நாட்டில் ட்ராமா, அதாவது மன அதிர்ச்சி, என்றாலே கார் கடத்தல், துப்பாக்கி, கொள்ளை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அவை இங்கே நிறைய நடப்பதால் அப்படி. அதனால் உங்களைப் போன்றவர்கள், நமக்கு நடந்ததெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தங்களையே சுருக்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களை மற்றவர்கள் சுருக்கியது போதும்.

அந்தக் கவுன்சிலரைப் பற்றி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் முதல் சந்திப்பில் மன்னிப்பைப் பற்றிப் பேசியது தவறு என்று அழுத்தமாகவே சொல்வேன். அது நீங்கள் ஏற்கெனவே கேட்டுப் பழகிய “மனசைத் திடமா வச்சுக்கோ” என்பதன் இன்னொரு வடிவம். இந்த நாட்டில் மன்னிப்பு என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. நிறவெறி ஆட்சியில் நடந்த கொடுமைகளை விசாரிக்க 1996-ல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் உட்கார்ந்தது. அங்கேகூட முதலில் நடந்தது என்ன? பாதிக்கப்பட்டவர்கள் பேசினார்கள். நாடே உட்கார்ந்து கேட்டது. அவர்கள் சொன்னது பதிவாயிற்று. மன்னித்தே ஆக வேண்டும் என்று எந்தத் தாயையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நீங்களும் யாரையும் மன்னிக்கக் கடமைப்பட்டவர் இல்லை. குணமாவதற்கு அது நிபந்தனையும் இல்லை. பிற்பாடு எப்போதாவது தானாக வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நீங்கள் குணமாவீர்கள்.

நல்ல கவுன்சிலிங் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் அடுத்த ஆளை நீங்கள் எடைபோட முடியும். முதலில் அவர் நடந்ததைக் கேட்பார். இடையில் டாக்டர்களுக்காக வாதாட மாட்டார். தூக்கம், சாப்பாடு, இப்போதைய பயம் இவற்றைச் சமாளிக்க வழி சொல்லிக்கொடுத்து உங்களை நிலைப்படுத்தின பிறகுதான் அந்த விடியற்காலைக்குப் போவார். அதுவும் நீங்கள் தயார் என்று சொன்ன பிறகு, உங்கள் வேகத்தில். ட்ராமாவை மையமாக வைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஈ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவு முறை, இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. உங்கள் கவுன்சிலருக்கு இதில் ஏதாவது ஒன்றில் பயிற்சி இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள்.

கிளினிக் பயத்துக்குப் படிப்படியாக நெருங்குவதுதான் வழி. ஒருநாள் வெறுமனே அந்தத் தெரு வழியாகப் போய்வருவது. இன்னொரு நாள் வெளியே காரில் உட்கார்ந்திருப்பது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருவர் துணையுடன் உள்ளே போய், எதுவும் வாங்காமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது. ஒவ்வொரு படியிலும் நடுக்கம் தானாக இறங்கும்வரை இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். நடுக்கம் ஏறும்போதே ஓடிவந்தால் பயம் இன்னும் கெட்டிப்படும். முடிந்தால் இதைக் கவுன்சிலர் துணையோடு ஆரம்பியுங்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. பதற்றத்துக்கு யாரைக் கேட்டாலும் கண்ணை மூடி உடம்பைக் கவனி, மூச்சைக் கவனி என்பார்கள். பலருக்கு அது நல்லதுதான். ஆனால் சொந்த உடம்பே ஒருநாள் திடீரென்று நின்றுபோன அனுபவம் உள்ளவர்களுக்கு, கண்ணை மூடி உள்ளே பார்ப்பது சில சமயம் பயத்தைக் கூட்டிவிடும். உங்களுக்கு அப்படி இருந்தால் கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கும் போஸ்டரில் எத்தனை நிறம் இருக்கிறது, வெளியே எந்த நிறக் கார் அதிகம் என்று பார்த்துக்கொண்டே மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இவ்வளவு போதும்.

ஆள் தேடும்போது ஒன்றைச் சரிபாருங்கள். இந்த நாட்டில் உளவியலாளர்களும் பதிவுபெற்ற கவுன்சிலர்களும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் தொழில்முறைக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரைச் சொன்னால் பதிவு இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இருந்தால் வருஷத்துக்கு எத்தனை சந்திப்புக்குப் பணம் தருவார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் உளவியல் பிரிவுக்கு உங்கள் கிளினிக்கிலிருந்தே கடிதம் வாங்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும். தமிழில் பேசும் ஆள் கிடைப்பது இங்கே அரிது. வீடியோ வழியாக வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் தமிழில் பேசுவது, பக்கத்திலேயே இருக்கும் ஒருவரிடம் வீட்டுக்காரரை இடையில் வைத்துப் பேசுவதைவிட எவ்வளவோ மேல்.

அந்த இடையில் இருக்கும் ஆளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வீட்டுக்காரர் வேண்டுமென்றே எதையும் மறைத்திருக்க மாட்டார். நீங்கள் ஐந்து நிமிஷம் சொன்னதை அவர் அரைகுறைத் தமிழில் வாங்கி ஒரு வரி இங்கிலீஷாக்கியிருப்பார். டாக்டர் தன்னைப் பார்த்துப் பேசப் பேச, தன்னை அறியாமலே டாக்டர் பக்கம் சாய்ந்திருப்பார். கோட் போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. இப்போது அவருக்குள்ளும் ஒரு குற்ற உணர்வு ஓடிக்கொண்டிருக்கலாம். நிறையக் கணவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், “அதான் சரியாப் போச்சே, ஏன் இன்னும் அதையே நினைக்கிற” என்று கடுப்பாகப் பேசுவார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும் முன் அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “நீங்க சுருக்கிச் சொல்ல வேண்டாம். நான் ஒரு வரி சொல்றேன், நீங்க அதை மட்டும் அப்படியே சொல்லுங்க. தெரியாத வார்த்தை வந்தா என்னைக் கேளுங்க. அவர் உங்களைப் பார்த்துப் பேசினா, என்னைப் பார்த்துப் பேசச் சொல்லுங்க.”

மொழி விஷயத்தில் நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொள்வது வரிகளுக்கு இடையில் தெரிகிறது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், நோயாளிக்கு அவர் உடல்நிலை பற்றிய தகவலை முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. இந்த நாட்டின் 1996 அரசமைப்புச் சட்டத்தின் 6-வது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதனால் நாளைக்கே கிளினிக்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்து உட்காரப் போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்குப் புரிய வைப்பது அவர்கள் கடமை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் வராதது உங்கள் குற்றம் இல்லை.

புகார் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இதில் காலக்கெடு உண்டு. முதலில் உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். தகவல் பெறும் உரிமைக்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பைலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு மறுபடி அடி. தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். புகாரை முதலில் அந்த மருத்துவமனைக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் சுகாதார ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. 2016-ல் கௌட்டெங் மாகாணத்தில் மனநோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றியதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த லைஃப் எசிதிமேனி விவகாரம், குடும்பத்தார் விடாமல் கேட்டதாலும் அந்த அலுவலகம் விசாரித்ததாலும்தான் வெளியே வந்தது. தனி டாக்டர் மேல் என்றால் எச்.பி.சி.எஸ்.ஏ.வுக்கு எழுதலாம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவதானால் பொதுவாக மூன்று வருஷக் கெடு, அரசு மருத்துவமனை என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதை ஒரு வழக்கறிஞரிடம் உடனே கேளுங்கள். இதில் எதையும் செய்யாமல் விட்டாலும் நீங்கள் கோழை இல்லை. உடம்பு தேறும் வரை அதற்குத் தெம்பு இல்லை என்றால் அதுவும் நியாயம்தான்.

எந்த டாக்டரை நம்புவது என்று கேட்டீர்கள். ஒரேயடியாக நம்ப வேண்டாம். ஒவ்வொரு சந்திப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாரா? நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டாரா? தெரியாததைத் தெரியாது என்றாரா? எப்போது மறுபடி வர வேண்டும் என்று தேதி சொன்னாரா? இப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் அடிக்கடி மாற்றாமல் அவரிடமே தொடருங்கள். கையில் ஒரு பக்கத் தாள் கொண்டுபோங்கள், யாரையாவது விட்டு நல்ல இங்கிலீஷில் எழுதி வாங்குங்கள். என்ன நோய், எப்போது ஆபரேஷன், என்ன மாத்திரை. கடைசியில் ஒரு வரி: முன்பு என் நோயறிகுறிகள் கவனிக்கப்படாததால் மருத்துவமனையில் எனக்குப் பதற்றம் வரும், அந்தப் பதற்றத்தைக் காரணம் காட்டி என் வலியை ஒதுக்க வேண்டாம். பரிசோதனை வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தால், “அதையும் காரணத்தையும் பைலில் எழுதிவிடுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றதும் பலர் இன்னொரு முறை யோசிப்பார்கள்.

பதற்றம் எது, நோய் எது என்று உங்களுக்கே குழம்பும் நாட்கள் வரும். சில விஷயங்களில் குழம்பவே வேண்டாம். காலில் மறுபடி பலவீனம், மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது அல்லது வராமல் நின்றுபோவது, இதில் எது வந்தாலும் நடு ராத்திரியானாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் மஞ்சளானாலோ, விடாத வாந்தி வந்தாலோ மாத்திரை ஈரலைப் பாதிக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். இது டென்ஷனாக இருக்குமோ என்று நீங்களே உங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

ராத்திரியில் எண்ணங்கள் மிகவும் மோசமாகி வாழ வேண்டாம் என்று தோன்றினால், மனநல உதவி தரும் சாடாக் அமைப்பின் 0800 567 567 என்ற இலவச எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம். உங்கள் இங்கிலீஷ் அதற்குப் போதும், ஹெல்ப் என்று சொன்னாலே போதும்.

அடுத்த கவுன்சிலரிடம் போகும்போது எனக்கு எழுதினதையே அவரிடமும் சொல்லுங்கள்: “நான் இங்கே வந்தால் எல்லாம் மனசுதான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.” அவர் அதற்கு என்ன சொல்கிறார், எவ்வளவு நேரம் கேட்கிறார் என்று பாருங்கள். இரண்டாம் முறை போவதா வேண்டாமா என்பதை அதை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அக்கா